நாவை அறுத்துவிட்டு நட்புரையா?

உலகத்தார் ஒருவரை ஒருவர் அறிந்து பழக வேண்டும். வேறு மொழியினர், வேறு வழக்கத்தினர், வேறு நெறியினர் என்ற வேலிகளைத் தாண்டிக் கைகோக்க வேண்டும். அதற்கான கலையைக் கல்விக்கூடம் கற்றுத்தர வேண்டும். நல்ல நோக்கம்! நாம் வரவேற்கும் நோக்கம்! 'பண்பாட்டிடைத் தொடர்பியல்' என்று அதற்கொரு பெயரும் சூட்டி, பாடத்திட்டம் வகுத்து, பட்டமும் சான்றிதழும் வழங்கி வருகின்றன மேலை நாட்டுப் பல்கலைக் கழகங்கள். வரவேற்புரையிலே அந்தச் சொல். ஆண்டறிக்கையிலே அந்தச் சொல். வழவழப்பான விளம்பரத் தாளிலே அந்தச் சொல்!

சொல் வளர்கிறது, சொல்லுக்கு உயிர் தரும் மொழிப் பாடமோ தேய்கிறது. தானாகத் தேயவில்லை, தேய்க்கப்படுகிறது. சில இடங்களில் ஒரே நாளில் தீர்த்துக் கட்டப்படுகிறது. பிறர் மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரை வாயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, பிறர் பண்பாட்டை மதிப்பது எப்படி என்று உள்ளே பாடம் நடத்துகிறார்கள். குளத்தைத் தூர்த்துவிட்டு நீச்சல் கற்றுத் தருகிறார்கள்!

கற்பனையாகக் கூறவில்லை நாம். கனடா நாட்டிலே, ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியிலே, சட்பரி என்னும் சுரங்க நகரிலே நடந்ததைக் கண்டு கூறுகிறோம்.

சட்பரி, நிக்கல் தரும் நகரம். 1883ஆம் ஆண்டு இருப்புப்பாதை போட வந்தவர்கள் கூடாரமடித்த இடம். மண்ணுக்கடியில் நிக்கலும் செம்பும் கிடைப்பது கண்டு, கியூபெக்கிலிருந்து பிரெஞ்சு பேசுவோர் வந்தனர்; பின்லாந்திலிருந்தும், இத்தாலியிலிருந்தும், உக்ரைனிலிருந்தும் உழைப்பாளிகள் வந்தனர். இவர்கள் அனைவருக்கும் முன்பே, எண்ணற்ற தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் அனிஷினாபே என்னும் தொல்குடியினர். இன்றும் அந்நகரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி.

அந்த ஊரில் 1960ல் எழுந்தது லாரன்சியன் பல்கலைக் கழகம். பெரிய பல்கலைக் கழகமன்று. பேரரசுகளின் செல்வத்தில் திளைத்ததுமன்று. சுரங்கத் தொழிலாளியின் மகனும், மரம் வெட்டுவோன் மகளும், குடும்பத்திலே முதன்முதலாகப் பட்டம் பெற வருமிடம். 'இருமொழி, முப்பண்பாடு' என்பது அது தனக்குத் தானே சூட்டிக்கொண்ட சிறப்பு. மொழி இரண்டு, ஆங்கிலமும் பிரெஞ்சும். பண்பாடு மூன்று, அவ்விரண்டோடு தொல்குடியினரின் பண்பாடும். பண்பாட்டிடைத் தொடர்பியலுக்கு இதைவிடப் பொருத்தமான இருப்பிடம் எங்கே கிடைக்கும்? ஏட்டிலே படிக்க வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையிலே பார்க்கலாம்!

2021ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், இந்தப் பல்கலைக் கழகம் நீதிமன்றப் படியேறியது. கடனைத் தீர்க்க வழியில்லை, கடன் கொடுத்தோரிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று கேட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? நொடித்துப்போன வணிக நிறுவனங்களுக்காக 1933ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ்! கனடாவில் பொதுப்பணத்தால் நடைபெறும் பல்கலைக் கழகம் ஒன்று அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டது அதுவே முதல் முறை. ஏப்ரல் 12ஆம் நாள் கத்தி விழுந்தது. 69 படிப்புகள் ஒழிக்கப்பட்டன. அவற்றுள் 28 பிரெஞ்சு மொழியில் நடந்தவை. நூற்றுக்கு மேற்பட்ட பேராசிரியர்கள் வேலை இழந்தனர். நேரில் அழைத்துச் சொல்லவும் நேரமில்லை; காணொளிக் கூட்டம் கூட்டி, கதை முடிந்தது என்று அறிவித்தனர். சட்பரி பல்கலைக் கழகம் முதலான இணைப்பு நிறுவனங்களுடன் பல்லாண்டுகளாக இருந்த ஒப்பந்தமும் முறிக்கப்பட்டது. தொல்குடியினரின் வாழ்வையும் அவர்தம் அனிஷினாபே மொழியையும் கற்பித்து வந்த, நாட்டின் மிகப் பழைய துறைகளுள் ஒன்றான தொல்குடி ஆய்வுத்துறை, அந்த இணைப்பு நிறுவனத்தில்தான் இருந்தது. இருமொழியிலும் வெட்டு, முப்பண்பாட்டிலும் வெட்டு!

28 என்பது ஓர் எண். எண்ணைப் படித்துவிட்டு ஏட்டைப் புரட்டிவிடுவது எளிது. ஆகவே அதற்குள்ளே புகுந்து ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோம்.

மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கும் படிப்பு ஒன்று அங்கே இருந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மகப்பேற்றுப் பணியைக் கற்பித்த படிப்பு. கனடாவில் இருமொழியில் நடந்த மருத்துவச்சிப் படிப்பு அது ஒன்றுதான். வடபகுதியின் சிற்றூர்களுக்கும், தொல்குடியினர் வாழும் ஊர்களுக்கும், பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்கும் பணியாற்றுவோரை உருவாக்குவது அதன் நோக்கம். அதுவும் ஒழிந்தது.

பேறுகால வேதனையில் துடிக்கும் பெண் எந்த மொழியில் அலறுவாள்? கடைவீதியிலே ஆங்கிலம் பேசுபவள்தான்; அலுவலகத்திலே ஆங்கிலம் எழுதுபவள்தான். ஆனால் உயிர் ஊசலாடும் அந்த நேரத்தில் தாய் தந்த மொழியன்றோ நாவில் வரும்! எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எதற்கு அஞ்சுகிறாள், எதை வேண்டாமென்கிறாள் என்பதை அந்த மொழியில் கேட்டறியும் மருத்துவச்சி அருகில் இருப்பது ஆடம்பரமா? அவள் வீட்டு வழக்கம் என்ன, யார் உடனிருக்க வேண்டும், எந்தச் சொல் ஆறுதல், எந்தச் சொல் அவமதிப்பு என்று உணர்ந்தவளே நல்ல மருத்துவச்சி. இதுதான் பண்பாட்டிடைத் தொடர்பு! விளம்பரத் தாளில் அச்சிடப்பட்டிருப்பது அதன் நிழல்.

பிரெஞ்சு மொழிக்கு அங்கே வரலாறு இல்லையா? வீட்டுத் திண்ணையோடு முடிந்துபோன மொழியா அது? 1912ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அந்த ஆண்டு ஒன்டாரியோ ஆட்சியாளர் 17ஆம் எண் ஒழுங்குவிதி என்று ஓர் ஆணை பிறப்பித்தனர். தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டாண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு வழியே பாடம் நடத்தலாகாது என்றது ஆணை. பணிந்தனரோ மக்கள்? 1916 ஜனவரியில், ஆட்டவா நகரின் கீக் பள்ளியில், தெலோஜ் குடும்பத்துச் சகோதரிகள் இருவர், பெயாட்ரிஸ், டியான் என்னும் இளம் ஆசிரியைகள், தடையை மீறிப் பிரெஞ்சில் பாடம் நடத்தினர். அவர்களைக் காக்கத் தாய்மார்கள் பள்ளி வாயிலில் அரண் அமைத்தனர். ஆயுதம்? தொப்பியில் செருகும் நீண்ட ஊசி! அடுக்களையில் கிடந்த கருவிகள்! 'தொப்பி ஊசிப் போர்' என்று வரலாறு அதனைப் பெருமையோடு குறிக்கிறது. 1927ல் அந்த ஒழுங்குவிதியைச் செயற்படுத்துவதை ஆட்சியாளர் கைவிட்டனர்.

நூறாண்டு கழிந்து, 2016ல், ஒன்டாரியோவின் முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று அந்த அநீதிக்கு மன்னிப்புக் கேட்டார். கேட்டது நன்று. ஆனால் மன்னிப்பின் மை உலர்ந்து ஐந்தாண்டு கடந்தவுடனேயே, 2021ல், 28 பிரெஞ்சுப் படிப்புகள் ஒரே நாளில் போயின! 1912ல் ஆணையிட்டு அழிக்க முயன்றனர்; அன்று எதிரி கண்ணுக்குத் தெரிந்தான், ஊசியை ஓங்க முடிந்தது. 2021ல் கணக்கேடு வந்தது. எவர்மீது ஊசியை ஓங்குவது? பிரெஞ்சு மீது பகை எமக்கில்லை, பணம்தான் இல்லை என்று பரிவோடு கூறினர். பரிவோடு வெட்டினாலும் வெட்டு வெட்டுத்தானே!

சரி, பணம்தான் காரணமா? மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2022ல் ஆய்ந்து அறிக்கை தந்தார். பல்கலைக் கழகம் நொடித்ததற்கு முதன்மைக் காரணம் 2010 முதல் 2020 வரை சரிவர எண்ணிப் பாராமல் கட்டடங்களிலும் விரிவாக்கத்திலும் போட்ட முதலீடு என்று கண்டார். கடன் பெருகியது சுவராலும் கூரையாலும். விலை கொடுத்தது இலக்கணமும் இலக்கியமும்! செங்கல் செய்த பிழைக்குச் சொல்லுக்குத் தண்டனை. அதே ஆண்டில், பிரெஞ்சு மொழிச் சேவைகளுக்கான ஆணையரும் ஆய்வு நடத்தி, 1986ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சேவைச் சட்டம் விதித்த கடமையைப் பல்கலைக் கழகமும் நிறைவேற்றவில்லை, உரிய அமைச்சகமும் நிறைவேற்றவில்லை என்று தீர்ப்புரைத்தார். ஆக, அறிவும் அவர்கள் பக்கம் இல்லை, சட்டமும் இல்லை.

இனி, அடிப்படைக் கேள்விக்கு வருவோம். மொழியின்றிப் பண்பாட்டிடைத் தொடர்பு கற்பிக்க முடியாதா? முடியும் என்போர் பெருகிவிட்டதால்தான் இதனை எழுதுகிறோம்.

அந்தத் துறை பிறந்த கதையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், உலகெங்கும் தூதர்களை அனுப்பத் தொடங்கிய அமெரிக்கா, 1947ல் வாஷிங்டனில் வெளிநாட்டுப் பணியாளர் பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவியது. 1950களின் தொடக்கத்தில் அங்கே பயிற்றுவித்தவர் எட்வர்டு ஹால் என்னும் மானிடவியலார். நேரம் தவறுவதும், நெருங்கி நிற்பதும், பேசாதிருப்பதும்கூட ஒவ்வொரு சமுதாயத்திலும் ஒவ்வொரு பொருள் தரும் என்பதை அவர் விளக்கினார். 1959ல் 'மௌன மொழி' என்ற பெயரில் நூலாக்கினார். அந்நூலிலிருந்தே பண்பாட்டிடைத் தொடர்பியல் கிளைத்தது என்பர். இவற்றையெல்லாம் அவர் எங்கே கண்டறிந்தார்? மொழியியலாளர்களுடன் தோளோடு தோள் நின்று, மொழி வகுப்புகள் நடந்த அதே கூரையின் கீழ்! மௌனத்தின் பொருளை அவர் ஆராய்ந்த கட்டடத்தில், பேச்சைக் கற்பிக்கும் குரல் ஓயாமல் ஒலித்தது. மொழியும் பண்பாட்டறிவும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. ஒன்றைத் தெருவில் எறிந்துவிட்டு, மற்றொன்றுக்கு மகுடம் சூட்டுவது என்ன நியாயம்?

அதே கழகம் ஆங்கிலம் பேசும் தூதர் ஒருவர் பிரெஞ்சைத் தொழிலுக்குத் தக்கபடி கற்க ஏறத்தாழ 30 வாரங்கள் ஆகுமென்று கணக்கிடுகிறது. அதுவும் நாள் முழுதும் அதே வேலையாகப் படித்தால்! இங்கோ, ஒரு பிற்பகல் பயிலரங்கில் பண்பாடு முழுவதையும் பருகக் கொடுத்துவிடுகிறார்கள். பிரெஞ்சு பேசுவோரிடம் இப்படிக் கைகுலுக்குக; தொல்குடியினரிடம் இப்படி வணக்கம் கூறுக; ஆசிய நாட்டாரிடம் இதைப் பேசற்க. முடிந்தது! கையில் சான்றிதழ்!

எண்களிலே பண்பாட்டை அளந்து வைத்திருப்பவர்களும் உண்டு. கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்னும் டச்சு அறிஞர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1960களின் இறுதி முதல் 1970களின் தொடக்கம் வரை திரட்டிய விடைகளைக் கொண்டு, நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அறிஞரின் உழைப்பை நாம் எள்ளவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதே பண்பாட்டறிவு என்று வகுப்பறையில் கூறுவதைத்தான் எதிர்க்கிறோம். கனடாவுக்கு ஒரு மதிப்பெண்ணாம்! எந்தக் கனடாவுக்கு? டொரன்டோவின் வங்கி அதிகாரிக்கா? சட்பரியில் சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக் கிழவருக்கா? அனிஷினாபே மூதாட்டிக்கா? மூவரையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டு, மூவரையும் புரிந்துகொண்டதாக மார்தட்டுவது அறிவாகுமா?

மொழி வகுப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சிறு சான்று காட்டுவோம். பிரெஞ்சில் 'தீனே' என்றொரு சொல். பாரிசில் ஒருவர் உங்களைத் 'தீனே'வுக்கு அழைத்தால் இரவு உணவுக்குச் செல்ல வேண்டும். சட்பரியில், பழைய பிரெஞ்சுக் குடும்பத்துப் பாட்டி அழைத்தால் நண்பகலில் செல்ல வேண்டும். அங்கே இரவுணவு 'சூப்பே'. பாரிசில் நண்பகலுணவைக் குறிக்கும் 'தெஜெனே' என்ற சொல், சட்பரியில் காலையுணவு! அகராதியை மட்டும் நம்பிப் போனவன், பாட்டி சமைத்து ஆறிப்போன பிறகு போய்க் கதவைத் தட்டுவான்.

இன்னொன்று: நீ, நீங்கள் என்ற வேற்றுமை பிரெஞ்சிலும் உண்டு, 'த்யூ', 'வூ' என்பர். பாரிசில் 'வூ' நெடுநாள் நீடிக்கும் இடத்தில், கனடாவின் பிரெஞ்சில் 'த்யூ' விரைந்து வந்துவிடும். பாரிசு மாணவன் அதைக் கேட்டு மரியாதை தெரியாதவர்கள் என்பான். கனடா மாணவன் 'வூ'வைக் கேட்டுத் தலைக்கனம் பிடித்தவன் என்பான். இருவரும் பிரெஞ்சே பேசுகின்றனர். இருவருக்கும் இடையிலே ஒரு கடல் கிடக்கிறது. அந்தக் கடலைக் கடக்க உதவுபவர் யார்? சொல்லையும் அறிந்து, சொல்லின் ஊரையும் அறிந்த ஆசிரியர்.

சிறிய பல்கலைக் கழகத்தின் பிரெஞ்சு வகுப்பிலே யார் யார் அமர்கின்றனர், எண்ணிப் பாருங்கள். வீட்டிலே பாட்டியோடு மட்டும் பிரெஞ்சு பேசி, பள்ளியிலும் தெருவிலும் ஆங்கிலத்தில் மூழ்கிப்போன உள்ளூர் இளைஞன் ஒருவன். ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்ந்து, இலக்கணம் பிசகாமல் எழுதினாலும் வேடிக்கைப் பேச்சுக்கு விழிக்கும் பெண் ஒருத்தி. ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடொன்றிலிருந்து வந்து, வகுப்பிலேயே சரளமாகப் பேசினும் அந்த ஊரின் குளிரும் குறும்பும் புரியாத மாணவன் ஒருவன். மூவருக்கும் மொழி ஒன்று, வாழ்வு மூன்று. உள்ளூர் இளைஞன் வாய் திறக்க அஞ்சுகிறான். 'என் பிரெஞ்சு கொச்சை' என்று கூனிக் குறுகுகிறான். பாட்டி தந்த சொல்லைப் பழிச்சொல்லாக எண்ணும்படி அவனைச் செய்தது யார்? பாரிசின் அளவுகோல் ஒன்றே அளவுகோல் என்று கற்பித்த பாடமுறை! இந்த நோயை அறிந்த ஆசிரியர், அவன் சொல்லைத் திருத்துவதற்கு முன் அவன் முதுகை நிமிர்த்துவார். ஆப்பிரிக்க மாணவனின் பிரெஞ்சும் பிரெஞ்சே, சட்பரிப் பாட்டியின் பிரெஞ்சும் பிரெஞ்சே என்பார். அந்த வகுப்பறையைவிடப் பெரிய பண்பாட்டிடைப் பயிலரங்கு வேறு எங்கே இருக்கிறது? அதை மூடிவிட்டு எதைத் திறக்கப் போகிறார்கள்?

மறுப்புரைகளும் உண்டு, மறைக்காமல் எடுத்துரைப்போம்.

'மாணவர் தொகை குறைவு. பத்துப் பேருக்காக ஒரு பேராசிரியரா?' என்கின்றனர். ஆம், பத்துப் பேருக்காக! மொழி வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் பேசுவர். முந்நூறு பேர் இருந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பர், சிலர் உறங்குவர். பத்துப் பேர் என்பது குறைபாடன்று. அந்தக் கலைக்கு வேண்டிய அளவு. மேலும், அந்தப் பத்துப் பேர் எங்கே செல்கின்றனர்? பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக. பிரெஞ்சு ஆசிரியர் போதவில்லை என்று கனடா முழுவதும் பல்லாண்டுகளாக முறையிடுகின்றனர். ஆட்சி மொழிகளுக்கான ஆணையரே 2019ல் இதுபற்றி ஆய்வு வெளியிட்டார். விதை நெல்லைக் கொதிக்க வைத்துவிட்டு விளைச்சல் இல்லையே என்று வானத்தைப் பார்த்து என்ன பயன்?

'பெரிய பல்கலைக் கழகங்கள் இருக்கின்றனவே. பிரெஞ்சு வேண்டுவோர் ஆட்டவா செல்லட்டும், மான்ட்ரியல் செல்லட்டும்' என்கின்றனர். செல்வோர் செல்வர், சென்றோரில் எத்தனை பேர் திரும்புவர்? வடபகுதிக்கு ஆசிரியை வேண்டும், செவிலி வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், மருத்துவச்சி வேண்டும். ஊரிலே கல்வி இருந்தால் கற்றவர் ஊரிலே இருப்பர். லாரன்சியனைச் சுற்றித் திரண்ட மாணவரும் ஆசிரியரும் 1970களில் என்ன செய்தனர்? 1971ல் நூவெல்-ஒன்டாரியோ நாடகக் குழு பிறந்தது. 1973ல் 'பிரீஸ் த பரோல்' என்ற பதிப்பகம் பிறந்தது. 'பேச்சைக் கையிலெடுத்தல்' என்று பொருள்படும் பெயர்! வரலாற்றுப் பேராசிரியர் கேத்தான் ஜெர்வேயும், மாணவர் மிஷேல் டுப்புயியும் சேர்ந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு கொடி வடித்தனர். ஒன்டாரியோவின் பிரெஞ்சு மக்களுக்கான அந்தக் கொடி, 1975 செப்டம்பர் 25ஆம் நாள் சட்பரிப் பல்கலைக் கழக வளாகத்தில் முதன்முதல் ஏற்றப்பட்டது. 2001ல் மாகாணச் சட்டமே அதனை ஏற்றது. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், ஒரு சிறிய வளாகம். இன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஓர் அடையாளம்! பெரிய நகரத்துக்குப் பேருந்து ஏற்றி அனுப்பியிருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

'இயந்திரம் மொழிபெயர்க்கிறதே, இனி மொழிப் பாடம் எதற்கு?' என்பது இன்றைய நாகரிகக் கேள்வி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக் கழகத்தில் 2023ல் உலக மொழிகள் துறையைக் கலைக்க முற்பட்டபோது, அதற்குப் பதிலாக இணையச் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்வதாக நிர்வாகம் கூறியது! செப்டம்பரில் 28 முதன்மைப் படிப்புகளும் 143 ஆசிரியர் பணியிடங்களும் நீக்கப்பட்டன. இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. அறிவியலின் கொடை அது. வழிப்போக்கனுக்கு உதவும், வணிகனுக்கு உதவும். ஆனால் ஆங்கிலத்தின் 'யூ'வைப் பிரெஞ்சாக்கும்போது 'த்யூ' என்பதா, 'வூ' என்பதா? பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த ஊர், எந்த உறவு என்பதை அறிந்தவரன்றோ முடிவு செய்ய வேண்டும்! இயந்திரம் சொல்லை மாற்றித் தரும். பிறர் மொழியில் தடுமாறி, தவறு செய்து, நகைப்புக்கு ஆளாகி, அதன்வழியே அவர் படும் பாட்டை உணரும் பணிவை அது தராது. பண்பாட்டிடைக் கல்வியின் முதற் பாடமே அந்தப் பணிவு.

'பிரெஞ்சு மட்டும் புனித மொழியா? அதுவும் கடல் கடந்து வந்து, தொல்குடியினரின் நிலத்தில் கொடி நாட்டிய மொழிதானே?' என்று கேட்போரும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி! எந்த மொழியும் புனிதமன்று. பிரெஞ்சும் ஆதிக்கம் செய்த மொழியே. தொல்குடிக் குழந்தைகளைத் தாய்மொழி பேச விடாது தண்டித்த உறைவிடப் பள்ளிகளில், பிரெஞ்சில் நடந்தவையும் இருந்தன. ஆகவேதான் கூறுகிறோம்: பிரெஞ்சைக் கற்பிக்கும் வகுப்பு அந்த வரலாற்றையும் கற்பிக்க வேண்டும். ஆனால் 2021ன் கத்தி எப்படி விழுந்தது, பாருங்கள். பிரெஞ்சை வெட்டி அனிஷினாபே மொழிக்குக் கொடுத்தார்களா? இல்லை, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பாதகம் செய்தனர். எளியவன் பங்கைப் பிடுங்கி இன்னும் எளியவனுக்குத் தருவதாகப் பேசுவோர், இறுதியில் இருவர் பங்கையும் எடுத்துக் கொள்வது உலக வழக்கம். மொழியைச் சுமையென்று கருதும் கணக்கேட்டுக்குப் பிரெஞ்சும் சுமை, அனிஷினாபே மொழியும் சுமை. ஒன்றைக் காக்கும் நெறிதான் மற்றொன்றையும் காக்கும்.

நம்பிக்கைக்கு இடமில்லையா? உண்டு. 1997ல், ஆட்டவாவில் பிரெஞ்சு மொழியில் இயங்கும் மோன்ஃபோர் மருத்துவமனையை மூடப் போவதாக அறிவித்தார்கள். அதே கணக்கேடு, அதே சிக்கனப் பேச்சு! மார்ச் 22ஆம் நாள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் ஒன்றுகூடி முழங்கினர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 2001ல் ஒன்டாரியோவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரைக் காப்பது அரசியலமைப்பின் அடிப்படை நெறி. அதனைக் கருதாமல் சிக்கனம் பேசி மூடிவிட முடியாது என்பது அதன் சாரம். மருத்துவமனை நின்றது, இன்றும் நிற்கிறது. லாரன்சியனோடு 1963 முதல் இணைந்திருந்த ஹெர்ஸ்ட் என்னும் சிற்றூரின் மிகச் சிறிய பிரெஞ்சுப் பல்கலைக் கழகம், அண்மையில் தனித்துப் பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றுவிட்டது. சிறியது என்பதால் சாக வேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே நாம் கோருவன சில. பண்பாட்டிடைத் தொடர்பியலில் பட்டம் பெறுவோர் எவராயினும், தம் மொழியன்றிப் பிறிதொரு மொழியைப் பேசும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும். பிறர் மொழியில் ஒருநாளும் தடுமாறாதவர் பிறரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். பிரெஞ்சு கற்பிப்போர், பாரிசோடு நில்லாமல், தம் ஊரில் வழங்கும் பிரெஞ்சுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பிரெஞ்சுக்கும் வகுப்பில் இருக்கை தர வேண்டும். சிறுபான்மை மொழியில் நடக்கும் படிப்பைத் தலையெண்ணிக்கை ஒன்றைக் கொண்டே மூடும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் இருத்தலாகாது. அந்தப் படிப்பு ஊருக்குத் தரும் ஆசிரியையையும் மருத்துவச்சியையும் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். வடபகுதியின் பெண்களுக்கு அவர்கள் மொழியறிந்த மருத்துவச்சி கிடைக்கும்படியான பயிற்சி, வடபகுதியிலேயே இருக்க வேண்டும். கட்டடம் கட்டிப் பட்ட கடனுக்குப் பாடத்தை அடகு வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இவை பேராசையா? பெரும் செலவா? ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியர், பத்து மாணவர், இவ்வளவுதான் கேட்கிறோம். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி, பத்தாண்டு கழித்து, பனி கொட்டும் இரவொன்றில், பேறுகாலப் பெண்ணின் கையைப் பற்றி அவள் மொழியில் ஒரு வார்த்தை கூறுவாள். அந்த ஒரு வார்த்தையைத் தர இயலாத பல்கலைக் கழகம், உலக நட்பைப் பற்றி எத்தனை வண்ணத்தில் விளம்பரம் அச்சிட்டாலும் நாம் நம்பப் போவதில்லை!